ஒளியும் ஆழமும்

ஒளியை மருந்தாகக் கொள்ளும் முயற்சிக்குத் தொடக்கம் முதலே தடையாக நின்றது உடலின் ஆழமாகும். 1903இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கு வைத்தியர் நீல்ஸ் பின்சன், தோற்காசத்தை ஒளியாற் குணப்படுத்தினார். ஒளியோடு வந்த வெப்பத்தை வேண்டாததெனக் கருதி நீராற் தணித்தார். 1960இல் மைமன் லேசரை இயக்கிக் காட்டியபின் அவ்வெப்பமே கருவியாயிற்று. 60 பாகை செல்சியசைக் கடந்ததும் கலங்களின் புரதம் உறைந்து அழியும். எனினும் கட்புலனாகும் ஒளி தசையுட் சில மில்லிமீற்றருக்குள் மங்கிவிடும். ஆதலால், 1983இல் இலண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பௌன், நுண்ணிய ஒளியிழையைக் கட்டியின் நடுவே செலுத்தி உள்ளிருந்தே சூடேற்றும் முறையை எடுத்துரைத்தார். 2003இல் அமெரிக்க ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், பொன் போர்த்த நுண்துகள்களை எலிகளின் கட்டிகளுட் செலுத்தி, தசையை ஊடுருவவல்ல செந்நிறக் கீழ்க்கதிராற் சூடாக்கினர். இவ்விரு வழிகளும் இணைந்து 16 ஆடவரிடம் பரீட்சிக்கப்பட்டமை 2019இல் வெளியாயிற்று.

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களை நோக்குமிடத்து இவ்வரலாறு வேறொரு பொருள் தருகின்றது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லுதல் வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமென ஐயமற நிறுவப்பட்டுள்ளது. கொழுந்து பறிப்போரிடை அவ்வழக்கம் பரவலானது. அந்நோயோ பெரும்பாலும் கன்னத்தின் உட்புறத்தே, கண்ணுக்குப் புலப்படும் படலமாகத் தோன்றுகின்றது. நாட்கூலியை இழந்து வைத்தியசாலை செல்லத் தயங்குவோரிடம் அது நாளடைவில் வேரோடுகின்றது. ஆகவே, இங்கே ஆழம் காலதாமதத்தின் விளைவாகும். லேசர் ஊவாவை எய்தும்வரை காத்திருத்தல் வேண்டா. லயந்தோறும் சென்று, கைவிளக்கொளியில் வாயைத் திறந்து பார்க்கும் பரிசோதனையே முதற்கண் வேண்டப்படுவது.