பருத்த குண்டா, விரைந்த குண்டா?

1907ஆம் ஆண்டில், குமாவோன் மலைப்பகுதியில் சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அது கொன்றதாகக் கணக்கிடப்பட்டவர்கள் 436 பேர். அதன் வாயைப் பார்த்தபோது வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் விளைவு அது. இயற்கையான இரையைக் கொல்ல இயலாமற் போனதே அதை ஆட்கொல்லியாக்கியது என்றார் கார்பெட். ஆகவே, எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்பது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியன்று.

19ஆம் நூற்றாண்டில் கருமருந்தே பயன்பட்டது. அதனால் குண்டின் வேகத்தை மிகுதியாக உயர்த்த முடியவில்லை. இயக்க ஆற்றல் ½mv² என்பதை நீங்கள் அறிவீர்கள். v உயராவிடில் m-ஐத்தானே உயர்த்த வேண்டும்? எனவே கால் பவுண்டு, அதாவது 113 கிராம் ஈயக் குண்டை, ஏறத்தாழ 26 மி.மீ. விட்டமுள்ள குழலில் இட்டுச் சுட்டனர். வேகம் நொடிக்கு 400 மீட்டர் எனக் கொண்டால், 10 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கித் தோளில் மோதும்!

1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தை உருவாக்கினார். 1892இல் மௌசரின் 7 மி.மீ. ரவை வந்தது. குண்டின் எடை 11.2 கிராம், வேகம் நொடிக்கு 700 மீட்டர்.

கணக்கிட்டுப் பாருங்கள். பழைய குண்டின் ஆற்றல் 9,040 ஜூல். புதியதற்கு 2,740 ஜூல்தான். ஆனால் குண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால், சதுர மில்லிமீட்டருக்குப் பழையதில் 17 ஜூல், புதியதில் 71 ஜூல். சிறு குண்டு ஆழமாகத் துளைப்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? வால்டர் பெல் என்பவர் ஆப்பிரிக்காவில் 1,000க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். பலவற்றை இந்த 7 மி.மீ. குண்டாலேயே வீழ்த்தினார். யானையின் மூளை இருக்கும் இடத்தை அவர் துல்லியமாக அறிந்திருந்தார்.

எல்லோரும் பெல் அல்லர். குறி சற்றே தவறினால் விலங்கு காயத்துடன் ஓடிவிடும். அதனால் 1912இல் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் 9.5 மி.மீ. ரவையை வெளியிட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 5,750 ஜூல். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றின் சட்டம், பெருவிலங்குகளுக்கு இதையே குறைந்த அளவாக விதித்தது. மானுக்கு 7 மி.மீ., சற்றுப் பெரிய விலங்குகளுக்கு 1906இன் அமெரிக்க 7.62 மி.மீ., யானைக்கு 9.5 மி.மீ. என மூன்று அளவுகளே போதும் என்ற நிலை உருவாயிற்று.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியது. உடைந்த அந்த இரு பற்களை நினைத்தால், அது நல்ல முடிவே என்பீர்கள்.