ஆடுகளத்திலிருந்து அதிபர் ஆசனத்திற்கு

பெண்கள் பாடசாலை அதிபர் என்றதும் கண்டிப்பான முகமும் நீண்ட விதிமுறைப் பட்டியலும் எம்மிற் பலருக்கு நினைவில் வரும். அத்தகைய விதிகள் பலவற்றைத் தாமே நீக்கிய அதிபர் ஒருவர், சிட்னி நகரின் அபொட்ஸ்லி பெண்கள் பாடசாலையில் 1958 முதல் 1970 வரை பணியாற்றினார். அவர் பெயர் எலிசபெத் ஆர்ச்டேல். உலகின் முதலாவது பெண்கள் டெஸ்ட் துடுப்பாட்டப் போட்டியில் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

1907இல் இலண்டனில் பிறந்தார். தாயார் ஹெலன், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். யன்னல்களை உடைத்துச் சிறை சென்றவர். அந்தப் போராட்டத்துக்குக் கற்கள் பொறுக்கிக் கொடுத்தது மகளின் இளமைக்கால நினைவுகளில் ஒன்று. ஸ்கொட்லாந்திலும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலும் கற்றபின், இலண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார்.

1934இல் இங்கிலாந்துப் பெண்கள் அணி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. பயணச் செலவை வீராங்கனைகளே ஏற்றனர். இரு ஆண்டுகளுக்கு முன்னர் ஆண்கள் அணிகளிடையே உடலைக் குறிவைத்துப் பந்துவீசிய தொடரால் இரு நாடுகளின் உறவும் கசந்திருந்தது. அந்த மண்ணிலேயே இப்பெண்கள் நட்போடு ஆடினர். டிசெம்பர் 28இல் பிரிஸ்பேனில் தொடங்கிய போட்டியில் அவுஸ்திரேலியா முதல் இனிங்ஸில் 47 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இங்கிலாந்து 9 விக்கெட்டுகளால் வென்றது. மூன்று போட்டிகளில் இரண்டு இங்கிலாந்துக்கு. ஒன்று வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையின் பெண்கள் பிரிவில் அதிகாரியாகி, சிங்கப்பூரில் கம்பியில்லாத் தந்திப் பணிப்பெண்களுக்குப் பொறுப்பாயிருந்தார். சிங்கப்பூர் வீழுமுன் அக்குழு எமது கொழும்புக்கு வந்து, பின்னர் கிழக்காபிரிக்கா சென்றது. 1944இல் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. 1946இல் சிட்னிப் பல்கலைக்கழகப் பெண்கள் கல்லூரியின் அதிபரானார்.

அபொட்ஸ்லியில் அவர் செய்தவை: பெண்களுக்குப் பௌதிகவியல் வகுப்பு, பிரித்தானிய வரலாற்றைக் குறைத்து அவுஸ்திரேலிய வரலாறு, பாலியற் கல்வி. சீருடையிலிருந்து தொப்பியும் கையுறையும் நீங்கின. மிகைக் கண்டிப்புத் தளர்ந்தது. ஆனால் இதனை ஒழுங்கைக் கைவிட்டதாகக் கொள்ளலாகாது. அணித் தலைவி ஒருத்திக்குத் தெரியும்: எல்லைக்கோட்டில் நிற்பவளை நம்பத்தான் வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும் அவளை அதட்டிக்கொண்டிருக்க முடியாது.

1999இல், இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆண்களுக்கே உரியதாயிருந்த எம்.சி.சி. கழகம், முதன்முதலாகக் கௌரவ ஆயுள் உறுப்புரிமை வழங்கிய பத்துப் பெண்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டு ஜனவரியில், 92ஆவது வயதில் மறைந்தார்.

விஞ்ஞானம் கற்க மாணவியர் ஆண்கள் கல்லூரிக்குச் செல்லவேண்டியிருந்த காலம் எமது நாட்டிலும் இருந்தது. எமது பாடசாலைகளிலும் ஆய்வுகூடமும் விளையாட்டுத் திடலும் தாமாக வந்துவிடவில்லை. யாரோ ஓர் அதிபர் அவற்றைக் கேட்டுப் போராடிப் பெற்றார். நூற்றாண்டு காணும் இவ்வேளையில், அவரவர் காலத்து அதிபரை நினைக்கும்போது, அவர் விதித்த தடைகளோடு அவர் திறந்துவிட்ட கதவுகளையும் எண்ணிப் பார்ப்போம்.