கிலாஃபத் இயக்கம் நமக்கு விட்டுச் சென்ற பாடம்



2023 அக்டோபருக்குப் பின் காஸா மக்களுக்காக நம் பள்ளிவாசல்களில் கேட்கப்பட்டு வரும் துஆக்களுக்குக் கணக்கில்லை. முஃமின்கள் ஓருடலைப் போன்றவர்கள் என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததன் விளைவு அது. எனினும், அயல்நாட்டுத் துயரைக் கண்டு பொங்கும் உணர்வை எவ்வாறு செயலாக்குவது? நூறாண்டுகளுக்கு முன் நம் முன்னோரும் இதே வினாவை எதிர்கொண்டனர்.

முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசு 1918இல் தோல்வியுற்றது. கலீஃபாவின் நிலையும் புனிதத் தலங்களின் பாதுகாப்பும் என்னவாகுமோ என்று இந்திய முஸ்லிம்கள் கலங்கினர். 1919இல் கிலாஃபத் கமிட்டி உருவானது. மௌலானா முஹம்மத் அலீ, மௌலானா ஷவ்கத் அலீ சகோதரர்களுடன் காந்தியடிகளும் கைகோத்தார். 1920 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிற்று. அதே மாதம் காந்தியடிகளும் ஷவ்கத் அலீயும் சென்னைக்கு வந்து மக்களிடையே உரையாற்றினர். அலீ சகோதரர்களின் தாயார் பீ அம்மா முதிய வயதிலும் ஊர் ஊராகச் சென்று பேசினார். இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற அக்காலம் நம் நாட்டு வரலாற்றின் பெருமைக்குரிய பகுதியாகும்.

ஆனால் அதே 1920இல் வேறொன்றும் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் ஆளும் மண்ணைவிட்டு ஹிஜ்ரத் செய்ய வேண்டும் என்ற அழைப்பு எழுந்தது. சிந்து, பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்து பல்லாயிரவர் நிலத்தையும் கால்நடைகளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஆப்கானிஸ்தான் நோக்கிப் புறப்பட்டனர். இத்தனை பேரைத் தாங்கும் வசதி அந்நாட்டுக்கு இல்லை. ஆகஸ்டில் ஆப்கான் அரசு வருகையை நிறுத்தியது. பெரும்பாலோர் வறியவர்களாய்த் திரும்பினர். பலர் வழியிலேயே மாண்டனர். அவர்களின் ஈமானில் குறையில்லை. போகும் இடத்தின் நிலையை யாரும் தீர விசாரிக்கவில்லை என்பதே குறை.

1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளை ஆங்கில அரசு திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து அனுப்பியது. கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் பிணமாய்க் கிடந்தனர். ஏறத்தாழ 70 பேர் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். 1922 பிப்ரவரியில், சௌரி சௌராவில் காவலர்கள் கொல்லப்பட்டதை அடுத்துக் காந்தியடிகள் ஒத்துழையாமையை நிறுத்தினார்.

இறுதி அடி எதிர்பாராத திசையிலிருந்து விழுந்தது. 1924 மார்ச் 3ஆம் நாள் கிலாஃபத்தை ஒழித்தது ஆங்கில அரசன்று. அங்காராவில் கூடிய துருக்கிய தேசியப் பேரவையே அதைச் செய்தது. கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீத் நாடுகடத்தப்பட்டார். அந்தக் கிலாஃபத்துக்காகச் சிறை சென்றவர்களும் நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர்களும் இங்கே திகைத்து நின்றனர்.

அப்படியானால் எல்லாம் வீணாயிற்றா? இல்லை. அவ்வெழுச்சியின் நடுவே, 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலீகரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா நிறுவப்பட்டது. கிலாஃபத் இயக்கம் மறைந்ததும் அதற்குப் பணமில்லை. மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஹகீம் அஜ்மல் கான் அதனை 1925இல் தில்லிக்குக் கொண்டு சென்று காத்தார். பின்னர் டாக்டர் ஜாகிர் ஹுசைனும் உடனிருந்த ஆசிரியர்களும் குறைந்த ஊதியத்தில் இருபதாண்டுகள் பணியாற்றுவதாக உறுதி பூண்டனர். இன்று அது மத்தியப் பல்கலைக்கழகம். ஆரவாரம் அடங்கிய பிறகும் பணியைத் தொடர்ந்தவர்களால் அது நிலைத்தது.

இன்றைய நம் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வெளிநாட்டுச் செய்தி ஒவ்வொரு நொடியும் கைபேசிக்கு வருகிறது. வந்த செய்தியைத் தெளிவாக விசாரித்தறியுமாறு சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அதைப் பகிர்வதற்கு முன் நாம் விசாரிக்கிறோமா? நிதி கொடுக்கும்போது அது உரியவரைச் சேருமா என்று கேட்கிறோமா? உள்நாட்டில் 2025இல் வக்ஃப் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு எதிராகச் சட்டவழியில் குரல் எழுப்புவது நம் உரிமை. ஆயினும் நம் மஹல்லாப் பள்ளிவாசலின், மையவாடியின் பத்திரங்கள் எங்கே உள்ளன, யார் பெயரில் உள்ளன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பிள்ளைகளைச் சட்டமும் வரலாறும் படிக்க அனுப்புகிறோமா?

உம்மத்துக்காகக் கண்ணீர் சிந்துவோம்; அத்துடன் இம்மண்ணில் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களையும் பேணுவோம். ஒடுக்கப்படும் மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் விடிவைத் தருவானாக! நம் உணர்வுக்கு அறிவையும் நம் செயலுக்கு நிலைபேற்றையும் அருள்வானாக! ஆமீன்.