வாலுக்குக் காசு கிடைத்தது, ஆட்டுக்கு?

எங்கள் அத்தை மணமேல்குடிக்கு மேற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி ராத்திரி அவருடைய ஆட்டுப்பட்டிக்குள் நாய்கள் புகுந்துவிட்டன. விடிந்து பார்த்தால் பதினொரு வெள்ளாட்டில் ஆறு செத்துக் கிடந்தன. ஒன்றையும் முழுசாகத் தின்றிருக்கவில்லை. கழுத்திலும் தொடையிலும் கடி, அவ்வளவுதான்.

"நரி வந்தா ஒண்ணத் தூக்கிட்டுப் போகும் தம்பி. இதுக வெளையாட்டுக்குல்ல கடிச்சுப் போட்டிருக்கு" என்றார் அத்தை. பொங்கலுக்கு விற்று மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வைத்திருந்த ஆடுகள் அவை.

மனு எழுதிக்கொண்டு அவரோடு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "காட்டு மிருகம் அடிச்சுதாம்மா?" "இல்லைங்க, நாய்தான்." "நாய் கடிச்சதுக்கு எங்க கணக்குல எடமில்லையேம்மா."

அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. கால்நடையைக் கொல்லும் மிருகங்களுக்காக அரசாங்கம் எப்போதிலிருந்து கணக்கு வைக்கிறது? அந்தக் கணக்கில் காசு யாருக்குப் போனது? அன்றிலிருந்து இது சம்பந்தமாகக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவருகிறேன். அதன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நம்ம ஊர் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்று புதுக்கோட்டை மாவட்டம் என்கிறோம். ஆனால் இந்தக் கடற்கரைப் பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இல்லை. சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974இல் புதிய மாவட்டம் பிறந்தபோதுதான் இந்தப் பக்கம் வந்தோம். ஆகவே எங்கள் முன்னோருக்குச் சட்டம் என்றால் அது வெள்ளைக்காரன் சட்டம்.

அந்த ஆட்சியில் புலி, சிறுத்தை, ஓநாய் போன்றவற்றைக் கொன்றால் பரிசுப்பணம் உண்டு. தோலையோ தலையையோ கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் அரசாங்கப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் எண்ணிக்கை திகைக்க வைக்கிறது. 1875 முதல் 1925 வரை 50 ஆண்டுகளில் கொல்லப்பட்ட புலிகள் 80,000க்கும் மேல். சிறுத்தைகள் 1,50,000க்கும் மேல். ஓநாய்கள் 2,00,000.

இரக்கத்தாலோ வெறுப்பாலோ மட்டும் நடந்ததல்ல இது. காடு கழனியானால் நிலவரி கூடும். மாடு இல்லாமல் உழவு இல்லை. மாட்டைக் கொல்கிற புலி, வரியைக் கொல்கிற புலி. அதனால் ஒவ்வொரு வருஷமும் காட்டு மிருகங்களால் செத்த மனிதர்களையும் கால்நடைகளையும்கூட எண்ணிப் பட்டியல் போட்டார்கள். எண்ணினார்கள் என்பது முக்கியம். ஆனால் பரிசுப்பணம் போனது கொன்றவன் கைக்கு, மாட்டைப் பறிகொடுத்தவன் கைக்கு அல்ல.

மேற்கே நீலகிரியில் கதை இன்னும் வேடிக்கை. அங்கே மாட்டைக் காக்க மட்டுமல்ல, மானைக் காக்கவும் மிருகங்களைக் கொன்றார்கள். வேட்டைப் பிரியர்கள் சேர்ந்து 1877இல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. கடமானும் வரையாடும் பாதுகாக்கப்பட வேண்டியவை. எதற்கு? உரிமச்சீட்டு வாங்கிய துரைமார் சுடுவதற்கு. அதே கடமானைத் தின்கிற செந்நாய் அவர்களுக்குப் போட்டியாளன். இந்தியாவில் செந்நாயின் உடலுக்கு, சில இடங்களில் வெறும் வாலுக்கே, பரிசுப்பணம் கொடுத்துவந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த 1972 வரைக்கும் இது நீடித்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகியும் வாலுக்கு விலை இருந்திருக்கிறது.

அடுத்த சில வருஷத்திலேயே, 1976 முதல் 1978 வரை, நாங்குநேரிக்காரரான ஏ. ஜே. டி. ஜான்சிங் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே நடந்து அவற்றை ஆராய்ந்தார். புள்ளிமானை முக்கிய இரையாகக் கொண்டு, அந்த மான் கூட்டங்களோடு ஒரே காட்டில் அவை வாழ்வதை விரிவாகப் பதிவுசெய்தார். யாரை இத்தனை காலம் கொன்றோம் என்பது கொன்று முடித்த பிறகுதான் சரியாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆட்டுக்காக ஒரு விலங்கையே ஒழித்த கதை ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் நடந்தது. அங்கே தைலசின் என்று ஒரு விலங்கு இருந்தது. முதுகில் வரி, பார்க்க நாய் மாதிரி, ஆனால் கங்காருபோலப் பையில் குட்டி வளர்ப்பது. செம்மறியைத் தின்கிறது என்று பண்ணைக்காரர்கள் குற்றம் சொல்ல, 1888 முதல் 1909 வரை அரசாங்கமே பரிசு கொடுத்தது. பெரியதுக்கு ஒரு பவுன், குட்டிக்குப் பத்து ஷில்லிங். மொத்தம் 2,184 பரிசுகள். கடைசித் தைலசின் 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் செத்தது. ஆடுகள் செத்ததற்குப் பெரும்பங்கு காரணம் அவிழ்த்துவிட்ட நாய்களும் சரியான பராமரிப்பு இல்லாததும்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னால் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது அத்தையின் பட்டிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் நாய்தான்!

இந்தியாவில் நாய்க்கும் பரிசு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பம்பாயில் தெருநாயைக் கொன்றால் தலைக்கு இவ்வளவு என்று அறிவிக்க, காசுக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு நாய்களையும் இழுத்துப்போக, 1832இல் பார்சிகள் கொதித்தெழுந்து பெரிய கலவரமே நடந்தது. வாலுக்குக் காசு என்றால் வால்தான் வந்து சேரும். எந்த வால் ஆட்டைக் கடித்தது என்று யாரும் கேட்பதில்லை.

1972க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. புலியைக் கொன்றால் ஜெயில். புலி மாட்டை அடித்தால் மாட்டுக்காரருக்கு வனத்துறை வழியாக நிவாரணம். நியாயமான மாற்றம். ஆனால் தெருநாய் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அது வனவிலங்கு இல்லை, வனத்துறைக்குச் சம்பந்தமில்லை. அதற்குச் சொந்தக்காரரும் இல்லை, நஷ்டஈடு கேட்க ஆளில்லை. 2001இலும் 2023இலும் வந்த விதிகளின்படி, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அது உள்ளாட்சியின் வேலை. ஆட்டுக்கு மட்டுமல்ல, வேதாரண்யம் பக்கத்துக் கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்களுக்கும் நாய்த் தொல்லை உண்டு.

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் பட்டிபட்டியாக ஆடுகள் சாக, விவசாயிகள் செத்த ஆடுகளோடு வந்து போராடிய பிறகுதான் இந்த நடுப்பள்ளம் அரசின் கண்ணில் பட்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தெருநாய் கடித்துச் செத்த கால்நடைகளுக்கு நிவாரணம் அறிவித்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000, கோழிக்கு 200. நூற்றைம்பது வருஷப் பழைய கணக்குப்புத்தகத்தில் இது ஒரு புதுப்பக்கம் என்றே நினைக்கிறேன். காசு கொன்றவனுக்கு இல்லை, இழந்தவருக்கு.

குறை இல்லாமல் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து தஞ்சை வயல்களுக்குக் கிடை போடப் போகிற கீதாரிகள் இந்த வழியாகத்தான் நடப்பார்கள். அடுத்த மாவட்டத்து வயலில், விடிகாலையில் ஆடு செத்துக் கிடந்தால் அவர் எந்த ஊர் டாக்டரிடம் சான்று வாங்குவது? எந்த ஆபீசில் மனு கொடுப்பது? மறுநாள் வேறு வயலுக்குக் கிடை மாற வேண்டுமே. அந்தக் காலத்தில் வாலைக் காட்டினால் போதும். இன்று ஆட்டை இழந்தவர்தான் இழப்பை நிரூபிக்க வேண்டும், அதுவும் அலுவலகத்துக்கு ரொம்பத் தூரத்தில் இருந்துகொண்டு. நிவாரணம் என்பது செத்த பிறகு வருகிற காசும்கூட. கருத்தடைக்கும், ஊரோரம் கொட்டுகிற கோழிக்கழிவை நிறுத்துவதற்கும், பட்டிக்கு நல்ல வேலி போடுவதற்கும் முன்கூட்டியே செலவழித்தால்தான் ஆடு உயிரோடு இருக்கும்.

அறிவிப்பு வந்த அன்றைக்கு அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "பழசுக்கும் குடுப்பாங்களா?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். "சரி போ, இனிமே யாருக்காச்சும் கெடைக்கட்டும்" என்றுவிட்டு, புதுசாகப் போட்டிருக்கும் கம்பிவலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மறுபடி நாலு ஆடு வளர்க்கிறார்.

ஆடு வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள். நாய் கடித்து ஆடு செத்தால் உடனே புதைத்துவிட வேண்டாம். போட்டோ எடுத்துவைத்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இப்போது அந்தக் கணக்கில் ஒரு இடம் இருக்கிறது.