பச்சைக்கிளி குற்றம், சாம்பல்கிளி சொத்து

ஜோசியக்காரர் கூண்டில் பச்சைக்கிளி வைத்திருந்தால் வழக்கு. பக்கத்துத் தெரு பங்களாவில் ஆப்பிரிக்க சாம்பல்கிளி இருந்தால் அது அந்தஸ்து. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் நம்மூர் உயிரினங்கள்தான் இருந்தன. வெளிநாட்டுப் பறவை சுங்கத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் கேட்க ஆள் இருந்ததில்லை.

2020 ஜூனில் மத்திய அரசு ஒரு வழி சொன்னது: ஆறு மாதத்துக்குள் நீங்களே அறிவித்துவிடுங்கள், ஆவணம் கேட்க மாட்டோம். எங்க ஆபீஸ் பாஷையில், பழைய பிழைகளை எல்லாம் திறந்துகூடப் பார்க்காமல் 'முடிந்தது'ன்னு மூடுற வேலை. கடத்தி வந்த கிளிக்கும் இங்கேயே பொரித்த குஞ்சுக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 1976-ல். அதன் பட்டியல் நம் சட்டத்துக்குள் வந்தது 2022 திருத்தத்தில்தான். கட்டாயப் பதிவு விதிகள் 2024 பிப்ரவரியில். நடுவில் நாற்பத்தாறு வருஷம். சாம்பல்கிளி அவ்வளவு காலம் உயிரோடு இருக்கக்கூடிய பறவை.