பெண்கள் பக்கம்

திரையரங்குகளுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வி 2020க்குப் பிறகு ஓயாமல் கேட்கப்படுகிறது. தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்க உரிமையாளர், நடிகர் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். ஓடிடி வந்து கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டது என்பதே பொதுவான முடிவு. இந்த விவாதத்தில் பெண்கள் வருவது ஒரே ஒரு பெயரில்தான்: 'ஃபேமிலி ஆடியன்ஸ்'. முன்பு அதற்குத் 'தாய்க்குலம்' என்று பெயர். 'தாய்க்குலத்தின் பேராதரவுடன்' என்று நாளிதழ் விளம்பரத்தில் போட்டால் படம் நிலைத்து ஓடுகிறது என்று பொருள்.

அந்தத் தாய்க்குலம் தியேட்டரை விட்டு எப்போது போனது, ஏன் போனது என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு திசையில் போகிறது. ஓடிடி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். அதை யாரும் நெருக்கடி என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் படம் காட்டுதல் கூடாரத்தில் தொடங்கிய தொழில். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையும் கட்டினார். நகரங்களில் கல் கட்டடங்கள் எழுந்த பிறகும் கிராமங்களுக்குச் சினிமா டூரிங் டாக்கீஸாகத்தான் போய்ச் சேர்ந்தது. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சேர். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்பு. தடுப்புக்கு ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள்.

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதியிருக்கிறார். எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு முடிவு செய்யாமல், கையில் இருந்த காசு முடிவு செய்தது என்பது அவர் வாதம். எல்லா ஊரிலும் இது ஒழுங்காக நடந்திருக்காது என்றாலும், மிக முக்கியமான கவனிப்பு அது. அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர் வாங்கக் காசு இருந்த பெண்ணும் தடுப்பைத் தாண்டி உட்கார முடியாது. காசு மாற்ற முடியாத ஒரு பிரிவினை அந்தக் கூரையின்கீழ் இருந்தது.

ஆனால் அந்தப் பிரிவினைக்குள்ளேயே பெண்கள் தங்களுக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். என் அம்மாவும் பெரியம்மாமார்களும் சினிமாவுக்குப் போன கதையைச் சொல்லும்போது படத்தின் கதை கடைசியில்தான் வரும். யார் யார் சேர்ந்து போனார்கள், எந்தச் சேலை, முந்தானையில் யார் காசு முடிந்துவைத்திருந்தாள், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்ததற்கு யார் சண்டை பிடித்தாள் என்பதெல்லாம் முதலில் வரும். மாலை ஆட்டத்துக்குப் போவதென்றால் நாலு மணிக்கே உலை வைத்தாக வேண்டும். டாக்கீஸ் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு கேட்கத் தொடங்கினால் தெரு முழுக்க அவசரம். "கொட்டாய்க்குள்ள போயிட்டா மூணு மணி நேரம் எவனும் வந்து காப்பி கேக்க முடியாதுல்ல" என்பாள் பெரியம்மா.

சினிமாவைப் பற்றி நான் படித்த பல புத்தகங்களைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோயில், கல்யாணம், இழவு தவிர வேறு காரணத்துக்காக ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து, மற்ற பெண்களோடு உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. டாக்கீஸ் அவற்றில் ஒன்று. இருட்டில் யார் அழுகிறாள் என்று யாரும் பார்க்கவில்லை. தன் கதைக்காக அழுதாளா, படத்துக்காக அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை.

நகரத்துத் தியேட்டர்களுக்கும் இந்தக் கூட்டத்தின் அருமை தெரிந்திருந்தது. பெண்களுக்குத் தனி கவுண்ட்டர், தனி வரிசை. வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு வரும் பெண்களை நம்பி மேட்னி ஷோ. 1986இல் விசு இயக்கி ஏவி.எம். தயாரித்த 'சம்சாரம் அது மின்சாரம்' பெற்ற வெற்றியை இந்தப் பெண்களைத் தவிர்த்துவிட்டு விளக்கவே முடியாது. கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள் கடைசியில் தனிக்குடித்தனம்தான் நல்லது என்று முடிவெடுக்கும் படம் அது. அந்த முடிவை அரங்கில் மருமகளும் மாமியாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதே பத்தாண்டுகளில்தான் வெளியேற்றமும் தொடங்கியது. 1975இல் வந்த சென்னைத் தொலைக்காட்சி, எண்பதுகளில் நடுத்தர வீடுகளின் கூடத்துக்குள் நுழைந்தது. ஞாயிறு மாலை படம் போட்டால் தெரு வெறிச்சோடியது. பிறகு வாடகை டெக், பிறகு கேபிள், 1993இல் சன் டிவி. 1999 கடைசியில் தொடங்கிய 'சித்தி' தொடர், மாலை வேளையைப் பெண்களிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டது. வீட்டைவிட்டு வெளியேறாமலேயே அழ முடியும் என்று ஆனபோது, வெளியே அனுப்ப வேண்டிய அவசியம் வீட்டாருக்கு இல்லாமல் போயிற்று. "அதான் டிவியில போடுறானே" என்ற சொல் எத்தனை பெண்களின் மாலை ஆட்டத்தை நிறுத்தியது என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

தியேட்டர்களும் அவர்களைப் பிடித்து நிறுத்தவில்லை. கழிப்பறைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் படம் பார்த்த தலைமுறை என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோழி ஒருத்தியோடு ஒரு தியேட்டருக்குப் போயிருந்தேன். பின் வரிசையிலிருந்து நீண்ட காலைத் தட்டிவிடுவதும், இருக்கை இடுக்கில் நுழையும் கையைக் கிள்ளுவதுமாகவே பாதிப் படம் போனது. ஊழியரிடம் சொன்னபோது, "ஜென்ட்ஸ் யாரையாவது கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம்" என்றார். தடுப்புச் சுவர் போய்ச் சமமாக உட்கார்ந்த காலத்தில், பாதுகாப்புக்கு ஆண் துணை தேவை என்று ஆனது. ரசிகர் காட்சி, விசில், பாலாபிஷேகம், முதல் நாள் வசூல் என்று நாயகனைச் சுற்றித் தொழில் சுருங்கச் சுருங்க, 'பெண்கள்' என்று எழுதிய கவுண்ட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மல்டிபிளெக்ஸ் வந்தபோது கழிப்பறை சுத்தமானது, வெளிச்சம் வந்தது, பாதுகாப்பும் ஓரளவு வந்தது. ஆனால் தரை டிக்கெட் இல்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்த பெண், பாப்கார்ன் விலையைக் கேட்டுத் திரும்பிப் போனாள்.

இந்தப் பின்னணியில்தான் 2020ஐப் பார்க்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் மார்ச் மாதம் அரங்குகள் மூடப்பட்டன. மே 29 அன்று ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானது. அரங்குக்கு வராமலேயே தளத்துக்குப் போன முதல் பெரிய தமிழ்ப் படம். அந்த அறிவிப்பு வந்ததுமே, அதைத் தயாரித்த நிறுவனத்தின் படங்களை இனிமேல் திரையிட மாட்டோம் என்று திரையரங்க உரிமையாளர்கள் எச்சரித்தார்கள். ஜூனில் கீர்த்தி சுரேஷ் நடித்த 'பெண்குயின்' அதே வழியில் போனது. நவம்பரில் அரங்குகள் பாதி இருக்கைகளோடு திறந்தன. எந்தப் படம் அரங்கைக் காப்பாற்றும் என்று தொழில் காத்திருந்தது? 2021 பொங்கலுக்கு வந்த விஜய்யின் 'மாஸ்டர்'.

பெண்ணை மையமாக வைத்த படம் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. ஆணை மையமாக வைத்த படத்துக்கு அரங்கு காத்திருந்தது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. எதற்கு ஆபத்தான முதலீடு என்று பெயர், எதற்குப் பாதுகாப்பான முதலீடு என்று பெயர் என்ற பழைய கணக்கு தானாகவே வேலை செய்தது. 2021 பிப்ரவரியில் ஹலிதா ஷமீம் இயக்கிய 'ஏலே'யும் அரங்குக்கு வருவதாக அறிவிக்கப்பட்டுக் கடைசியில் நேராகத் தொலைக்காட்சிக்குப் போனது. அரங்குக்கும் ஓடிடிக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி என்ற சண்டையில் சிக்கிய படம் அது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் 'மாஸ்டர்' வெளியான பதினாறாவது நாளில் ஓடிடிக்கு வந்திருந்தது. பெரியவர்கள் மோதிக்கொண்டதில் சிறிய படத்தின் திரை போனது.

ஓடிடியால் பெண்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 'மாஸ்டர்' வெளியான அதே வாரத்தில், ஜனவரி 15 அன்று, 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்ற மலையாளப் படம் நீஸ்ட்ரீம் என்ற சிறிய தளத்தில் வந்தது. பெரிய தளங்கள் முதலில் மறுத்த படம். காலை முதல் இரவு வரை நறுக்கி, அரைத்து, கழுவி, எச்சில் பொறுக்கும் ஒரு பெண்ணைத் தவிர அதில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. அதைத் தமிழ்ப் பெண்களும் பார்த்தார்கள். காதில் இயர்போனோடு, போன் திரையில், வீட்டார் அறியாமல் பார்க்க முடிந்தது. கணவனின் அனுமதியும் துணைக்கு ஆளும் இல்லாமல் படம் பார்க்கும் உரிமை சிறிய உரிமை இல்லை. அதைப் போனில் பார்த்துவிட்டு நள்ளிரவில் எனக்குச் செய்தி அனுப்பிய தோழிகள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். நேரம் யாரிடம் இருக்கிறது? 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களுக்கு அது 97 நிமிடம். வீட்டிலேயே படம் வந்துவிட்டது என்றால், அந்த 299 நிமிடத்துக்குள்ளேயே படம் வந்துவிட்டது என்று அர்த்தம். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பார்க்கிறோம். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே பார்க்கிறோம். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் இரண்டரை மணி நேரப் படம் நாலு நாள் ஓடுகிறது. பெரியம்மா சொன்ன மூன்று மணி நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. படம் மட்டும்தான் கிடைத்தது.

இதற்கிடையே அரங்குகள் மூடப்பட்டுக்கொண்டே வருகின்றன. சென்னையில் 2020இல் அகஸ்தியா போனது, 2024இல் உதயம் போனது. ஒவ்வொன்று மூடும்போதும் எழுதப்படும் அஞ்சலிகளில் நாயகர்களின் கட்அவுட்டும் முதல் நாள் முதல் காட்சியும் இருக்கின்றன. மேட்னிக்கு வந்த பெண்கள் இல்லை. ஓடிடிக்குக் கொடுப்பதற்கு முன் எட்டு வாரம் இடைவெளி வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும், நியாயமும் இருக்கலாம். எட்டு வாரம் காத்திருந்தாலும் கழிப்பறை சுத்தமாகப் போவதில்லை, காட்சி நேரம் மாறப் போவதில்லை.

பெண்களை வெளியே அழைக்கும் வழி தமிழ்நாட்டுக்குத் தெரியாத ஒன்றல்ல. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்தில் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போவதோடு, சும்மா போய்வரும் பெண்களையும் இப்போது பார்க்கிறேன். வெளியே போகப் பேருந்து வந்துவிட்டது. போய் இறங்க இடம்தான் குறைவாக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் முடிந்துவிடும் பகல் காட்சி, பேருந்து நிறுத்தத்தின் அருகில் ஒரு சிறிய அரங்கு, தரை டிக்கெட்டுக்கு நிகரான கட்டணம், தண்ணீர் வரும் கழிப்பறை, புகார் சொன்னால் எழுந்து வரும் ஊழியர். இதில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை.

திரையரங்கு பிழைக்குமா என்று தொழில் கேட்கிறது. வீட்டுக்கு வெளியே, வேலை செய்யாமல், மற்ற பெண்களோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க எங்களுக்கு ஓர் இடம் உண்டா என்று நாம் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் அரங்கு பிழைத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். பிழைக்காவிட்டாலும் அந்தக் கேள்வி நமக்கு மிச்சம் இருக்கும்.