கித்துல்கல பாலமும் எங்கள் கவ்வாத்துக் குச்சிகளும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலைக் கண்காட்சிக்கு நாங்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு மரப்பாலம் செய்திருந்தோம். பார்க்க வந்தவர்களில் பலர் பாலம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஓரிருவர் மட்டும், "பாலம் சரி சேர், அதில ஏன் இவ்வளவு சின்னச் சின்ன ஆளுகள்? நாலு பேர் மட்டும் வெள்ளையா இருக்கிறாங்களே?" என்று கேட்டார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறோம்.

தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கு பஸ்ஸில் போகிற நாம் எல்லோரும் கித்துல்கலையைக் கடந்திருக்கிறோம். பஸ் நிற்கிற இடத்தில் வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறுவோம், அவ்வளவுதான். கீழே களனி கங்கையில் 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்துக்காகக் கட்டிய பாலத்தின் கொங்கிரீட் அடித்தளங்கள் இன்னும் கிடக்கின்றன. டேவிட் லீன் இயக்கிய படம். 1957இல் வெளிவந்து, அடுத்த வருடம் சிறந்த படம், சிறந்த இயக்குனர், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஒஸ்கார் வாங்கியது.

அந்தக் காலத்தில் பாலம் உடைவதையோ ரயில் கவிழ்வதையோ காட்ட வேண்டுமென்றால் சின்ன மாதிரி ஒன்றைச் செய்து, தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் படம் பிடிப்பார்கள். லீன் அதைச் செய்யவில்லை. 425 அடி நீளத்துக்கு உண்மையான மரப்பாலத்தைக் கட்டி, அதன்மேல் உண்மையான ரயிலை ஓட்டி, இரண்டையும் வெடிவைத்துத் தகர்த்தார். படத் தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் பாலத்துக்கு இரண்டரை லட்சம் டொலர் செலவு என்று விளம்பரம் செய்தார். உண்மையில் ஆன செலவு அதில் ஐந்தில் ஒன்று அளவுதான். சினிமாக்காரர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.

1957 மார்ச்சில் வெடி வைத்தார்கள். முதல் தடவை ஒரு கமராக்காரர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார் என்ற சைகை வரவில்லை. அதனால் வெடிக்க விடவில்லை. ரயில் பாட்டுக்குப் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய் மோதி நின்றது. அதைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஓட்டித்தான் இரண்டாம் முறை வெற்றி. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் அரசாங்கப் பெரியவர்களும் பார்த்திருக்க, பாலம் ரயிலோடு ஆற்றில் விழுந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம்தான் பிடித்திருந்தது. விடுமுறையில் படத்தைப் போட்டுக் காட்டியபோது ரயில் விழும் இடத்தை மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னார்கள். இதையே கண்காட்சிக்குச் செய்வோம் என்று முடிவானது அப்படித்தான்.

படத்தைப் பற்றி எங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். அலெக் கின்னஸ் நடிப்பு அபாரம். கைதியாக வந்த கேர்ணல் ஒருவன் எதிரிக்காகக் கட்டும் பாலத்தின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்று வைப்பதை, முகத்தை அதிகம் அசைக்காமலே காட்டிவிடுகிறார். ஜப்பானிய அதிகாரியாக வரும் செசு ஹயகவா அவருக்குக் குறைந்தவர் இல்லை. வில்லியம் ஹோல்டன் தப்பிப் போய், மருத்துவமனையில் படுத்து, கடற்கரையில் உலாவும் பகுதியில் பிள்ளைகள் பிஸ்கட் பைக்கற்றைத் திறந்துவிட்டார்கள். எங்களுக்கும் கொட்டாவிதான். அந்த மருத்துவமனை நம்ம மவுண்ட் லவினியா ஹோட்டல், அதிரடிப் படைப் பயிற்சி முகாம் பேராதனைப் பூங்கா என்று சொன்ன பிறகுதான் மறுபடி நிமிர்ந்து பார்த்தார்கள்.

இனி மாதிரி செய்த கதை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் விமானம், டாங்கி எல்லாம் பெரும்பாலும் 72க்கு 1 என்ற அளவில் வரும். அதாவது ஆறடிக்கு ஓர் அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிவிடுவான், கணக்குப் பார்க்க லேசு. 1930களில் இங்கிலாந்தில் விமான மாதிரிகளுக்குப் பிடித்த அளவு இது. யுத்த காலத்தில் வானத்தில் போகிற விமானம் யாருடையது என்று ஆட்களைப் பழக்கவும் இதே அளவு மாதிரிகளைத்தான் பாவித்தார்கள். நாங்களும் அதையே எடுத்தோம். 425 அடி என்பது ஏறத்தாழ 130 மீற்றர். அதை 72ஆல் பிரித்தால் 1 மீற்றர் 80 சென்றிமீற்றர். இரண்டு மேசையை ஒட்டிப் போட்டால் வைத்துவிடலாம்.

மரத்துக்கு எங்கே போவது? ஒரு பிள்ளையின் அம்மாதான் வழி சொன்னார்: கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சிக்கா பஞ்சம்? உண்மைதான். தேயிலைக் குச்சி காய்ந்தால் இரும்பு மாதிரி. பட்டையோடு வைத்தால் காட்டு மரம் போலவே தெரிகிறது. ஒரே குறை, நேராக ஒன்றும் கிடைக்காது. சாக்கு நிறையக் கொண்டுவந்ததில் ஒரு கைப்பிடிதான் தேறியது. நீளமான கட்டைகளுக்கு மூங்கிலைக் கீறி எடுத்தோம். மரப்பசை காய்வதற்குள் பிள்ளைகள் பிடித்திருந்த கை நோக, சணல் நூலால் கட்டி நிறுத்தினோம்.

தண்டவாளத்தில் ஒரு வேடிக்கை. நம்ம வட்டகொடை வழியாகப் போகிற பாதையின் அகலம் ஐந்தரை அடி. நடுத்தர உயரமுள்ள ஓர் ஆள் குறுக்கே படுத்தால் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் சரியாக இருக்கும். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்த நாளிலிருந்து இதே அளவுதான். சயாமில் ஜப்பானியர் போட்டது ஒரு மீற்றர் பாதை. மாதிரியில் 14 மில்லிமீற்றர். ஆள் அதைவிட நீளம்.

இந்த இடத்தில்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், உண்மையான ரயில் பாதையை யார் கட்டினது? இந்த வெள்ளைக்காரங்க மட்டுமா?"

அந்தப் பிள்ளையின் பாட்டன் வழியில் யாரோ மலாயாவுக்குப் போய்த் திரும்பவே இல்லையாம். அதனால் வந்த கேள்வி. மாதிரி வேலையை இரண்டு கிழமை நிறுத்திவிட்டு நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம்.

உண்மையான பாதை 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடிந்தது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர். காட்டையும் மலையையும் வெட்டி, பதினாறு மாதத்துக்குள். வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேல். பிரித்தானியர், ஒஸ்ரேலியர், ஒல்லாந்தர், சில அமெரிக்கர். அவர்களில் ஏறத்தாழ 12,500 பேர் இறந்தார்கள். ஆனால் கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். பர்மியர், யாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர். அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தையாயிரத்துக்கும் மேல் போயிருக்கிறார்கள், பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். போருக்குப் பிறகு பிரித்தானியர் எடுத்த கணக்கில் அவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 30,000.

இறப்பர்த் தோட்டத் தமிழர் என்றால் வேறு யாரோ இல்லை. திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் என்று நம்மவர்கள் வந்த அதே ஊர்கள். அங்கேயும் கங்காணி, அங்கேயும் லயம், அங்கேயும் துரை. ஒரு வீட்டில் அண்ணன் மண்டபம் முகாம் வழியாகக் கண்டிச் சீமைக்கும் தம்பி நாகபட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் போயிருக்கலாம். எந்தக் கங்காணி முதலில் ஊருக்கு வந்தான் என்பதுதான் வித்தியாசம்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. இறப்பரை ஏற்றிப் போகக் கப்பல் இல்லை. தோட்டம் நின்றது, சம்பளம் நின்றது, அரிசி நின்றது. அந்த நேரத்தில், ரயில் வேலைக்கு வாருங்கள், நாளுக்கு ஒரு டொலர், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஜப்பானியர் அழைத்தபோது பலர் நம்பிப் போனார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. போனவர்கள் திரும்பாததால் அடுத்தவர்கள் வர மறுக்க, பிடித்து ஏற்றத் தொடங்கினார்கள். அதில் ஒரு முறையை வாசித்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவிப்பார்களாம். கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றுவார்களாம்.

கைதிகளோடு அவர்களுடைய இராணுவ வைத்தியர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மலகூடத்தைத் தள்ளி வெட்டு என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் கொலரா வந்தபோது முகாம் முகாமாகப் போனார்கள். கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, போர் முடிந்ததும் எலும்பைத் தேடி எடுத்துக் காஞ்சனபுரியில் கல்லறை கட்டினார்கள். அங்கே ஒரே மயானத்தில் ஏழாயிரம் பேருக்குக் கிட்ட வரிசையாக, பெயரோடு படுத்திருக்கிறார்கள். நம்மவர்கள் பொதுக் குழிகளில். 1944இல் ஜப்பானியரே அங்கே ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது. கொன்றவர்கள் எழுதிவைத்த தமிழ்.

இப்போது படத்துக்குத் திரும்ப வருவோம். முதல் காட்சியே ரயில் பாதை ஓரத்து மயானம்தான். வரிசையாக மரச் சிலுவைகள். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படம். அதில் பாதை கட்டும் ஆசியத் தொழிலாளி என்று ஒருவரைக்கூட நாங்கள் காணவில்லை. அதிரடிப் படைக்கு மூட்டை சுமக்கும் சயாம் பெண்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியேர் பூல் மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களைத் தினம் தினம் கண்டிருக்க வேண்டிய மனிதர்!

கதை வேறு, வரலாறு வேறு என்பது எங்களுக்கும் தெரியும். உண்மையான பாலத்தைத் தகர்த்தது அதிரடிப் படை இல்லை, 1945இல் நேசநாட்டு விமானங்கள். இரும்புப் பாலத்தைத் திருத்தி இன்றும் ரயில் ஓடுகிறது. அதன் கீழே ஓடியது குவாய் ஆறும் இல்லை, மே குளோங். படம் பார்த்த சுற்றுலாக்காரர்கள் வந்து குவாய் எங்கே என்று கேட்கப் போய், 1960 அளவில் தாய்லாந்துக்காரர்கள் ஆற்றுக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். படத்துக்காக ஓர் ஆற்றின் பெயர் மாறும், ஆட்களின் பெயர் மட்டும் வராது.

இன்னொன்று. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். அதனால் அவர்கள் பெயரைப் போடாமல், திரைக்கதையை எழுதாத பியேர் பூலுக்கே ஒஸ்காரைக் கொடுத்தார்கள். பிழையைத் திருத்தி இருவருக்கும் விருது கொடுத்தது 1984இல். இருவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

படம் பிடித்த நாட்களில் நம்ம மலையில் என்ன நிலைமை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். பிரதமர் வந்து பாலம் விழுவதைப் பார்த்த இடத்திலிருந்து மேலே ஏறினால் அந்தச் சனங்களின் லயங்கள்தான். அவர்களுடைய சொந்தக்காரர்கள் செத்த கதையை, அவர்கள் வீட்டு வாசலுக்குக் கீழே, அவர்கள் இல்லாமலே எடுத்து முடித்தார்கள்.

சயாமில் ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் போனது என்று சொல்வார்கள். கணக்கு ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கைதிகளும் தொழிலாளர்களுமாக ஒரு லட்சத்துக்குச் சற்று மேல், பாதை 415 கிலோமீற்றர், பிரித்துப் பார்த்தால் நாலு மீற்றருக்கு ஓர் உயிர் என்றார். அப்படியானால் 130 மீற்றர்ப் பாலத்துக்கு 32 பேர். 90,000க்கு 12,500 என்ற விகிதத்தில் பிரித்தால் தொழிலாளர் 28, கைதிகள் 4.

தீக்குச்சியைப் பாதியாக உடைத்துச் செய்த அந்த 32 பேரைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அரை இஞ்சிக்கும் குறையாமல், ஓர் இஞ்சிக்கும் கூடாமல். நாலு பேருக்கு வெள்ளைப் பூச்சு. 28இல் ஒன்பது பேருக்கு, மலாயாக் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு என்று, சிவப்பு நூலால் தலைப்பாகை சுற்றினோம். எல்லாத் தமிழனும் தலைப்பாகை கட்டியிருப்பானா என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்விதான். பெண்களும் போயிருக்கிறார்களே, சேலை எங்கே என்று இன்னொரு பிள்ளை கேட்க, இரண்டு பேரின் நூலை அவிழ்த்துச் சேலையாகச் சுற்றினோம்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு: மலேசிய எழுத்தாளர்கள் இதை விட்டுவைக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நாவல்கள். கிடைத்தால் பாடசாலை நூலகத்துக்கும் ஒரு பிரதி தாருங்கள்.

பாலம் இப்போது விஞ்ஞான கூடத்து அலுமாரிக்கு மேலே இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டபடி ரயிலைக் கவிழ்த்துக் காட்டவில்லை. ஆட்களை ஒட்டிய பிறகு யாரும் அதைக் கேட்கவுமில்லை. உங்கள் வீட்டில் மலாயாவுக்குப் போன பாட்டன், பாட்டி, சித்தப்பா என்று யாராவது இருந்தால், கடுதாசி, படம், வெறும் பெயர் எதுவானாலும் சரி, பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். 28 பேரில் ஒருவருக்குக்கூட இன்னும் பெயர் எழுதவில்லை.